விலை எழுதாத படிவம்

டெல்ஃபினா குவின்டானா தன் தொழிலை ஒரே வரியில் சொல்லிவிடுவாள்: "இந்த ஊர்ல பாதிப் பேருக்கு மீதிப் பாதிப் பேர் கிட்டேருந்து தப்பிக்க இன்ஷூரன்ஸ் விக்கிறேன்." சொல்லிவிட்டுச் சிரிக்க மாட்டாள். நியூ மெக்சிகோவின் எஸ்பன்யோலாவில் முப்பது வருடமாகக் கார் காப்பீடு விற்பவளுக்கு அது வேடிக்கைப் பேச்சு அல்ல, புள்ளிவிவரம்.

பரீட்டோ ரொட்டிக் கடைக்கும் டயர் கடைக்கும் நடுவில் அவளுடைய அலுவலகம். அதில் பாதி இடம் அவளுக்கு. மறுபாதியில் நான் ஊராருக்கு வருமான வரிப் படிவம் நிரப்பித் தருகிறேன். நடுவில் தடுப்பு என்று இருப்பது ஒரு தொட்டிச் செடி. அதிலும் இலைகள் குறைவு. அதனால் அவள் யாரிடம் எதை விளக்கினாலும் எனக்கும் சேர்த்தே விளக்குகிறாள். அவள் மகளுக்கு நான் ஞானத்தாய். அந்த உறவில் என்னை 'கொமாத்ரே' என்பாள். மற்றவர்கள் எல்லோரும் அவளுக்குப் 'பிரிமோ', 'பிரிமா', அதாவது ஒன்றுவிட்ட சொந்தம். உண்மையிலேயே சொந்தம்தானா என்று எங்கள் பள்ளத்தாக்கில் யாரும் தோண்டிப் பார்ப்பதில்லை. தோண்டினால் பெரும்பாலும் சொந்தமாகத்தான் இருக்கும்.

கல்யாணத்துக்கு முன்னால் அவள் வாகனப் பதிவு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தாள். எவன் வண்டிக்குக் காப்பீடு உண்டு, எவன் பதிவு செய்யும் நாளில் மட்டும் காப்பீடு வாங்கிவிட்டு மறுமாதம் கட்டாமல் விடுகிறான் என்பதெல்லாம் அங்கேதான் அவளுக்குத் தெரிந்தது. மற்றவர்கள் அப்படி ஒரு ஊரைத் தெரிந்துகொண்டால் வண்டி ஓட்டுவதை நிறுத்தியிருப்பார்கள். அவள் கடை திறந்தாள்.

அவள் எல்லோருக்கும் விற்க முயன்ற ஒரு பொருளை ஊரில் 'மத்தவன் இன்ஷூரன்ஸ்' என்பார்கள். காப்பீடு இல்லாதவனோ, போதாதவனோ நம்மை இடித்துவிட்டால் நம்முடைய கம்பெனியே நமக்குப் பணம் தருகிற ஏற்பாடு அது. வாங்கத் தயங்குகிறவரை அவள் ஜன்னல் பக்கம் திருப்பி உட்கார வைப்பாள். ஆப்பிளும் மிளகாயும் விற்கிற உபால்டோ நரான்ஹோவை ஒரு நவம்பர் மாதம் அப்படித்தான் உட்கார வைத்தாள்.

"போற வண்டிய எண்ணு."

"எதுக்கு பிரிமா?"

"எண்ணேன்."

"மூணு, நாலு, அஞ்சு. அஞ்சாவது என் மச்சான் வண்டி."

"அவனுக்கு இன்ஷூரன்ஸ் இருக்கா?"

உபால்டோ தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "அத நான் சொல்றது முறையில்ல."

"சொல்லிட்ட. அஞ்சுல ஒருத்தன். அவன் உன்ன இடிச்சா உன் ஆஸ்பத்திரிச் செலவுக்கு யாருகிட்ட போவ? அவனக் கட்டின என் தங்கச்சி கிட்டயா?"

"அவன் கட்டாததுக்கு நான் எதுக்குக் கட்டணும்? நியாயமா இருக்கா இது?"

"நியாயம் கோர்ட்டுல. நான் இன்ஷூரன்ஸ் விக்கிறேன். சரி, அவன் யோக்கியன்னே வை. சட்டம் கேக்குற குறைஞ்ச தொகைக்குக் கட்டியிருக்கான். இருபத்தஞ்சாயிரம் டாலர். ஆஸ்பத்திரில அது எத்தன நாளைக்குக் காணும்?"

"எங்க அண்ணனுக்கு ரெண்டு நாளைக்கே காணல."

"மீதிக்கும் இதே இன்ஷூரன்ஸ்தான். ஆனா நீயும் இருபத்தஞ்சுக்கே எடுத்தா, அவன் குடுத்த இருபத்தஞ்சக் கழிச்சுட்டு உனக்கு மிச்சம் ஒண்ணும் வராது. எடுத்தா பெருசா எடு."

"இப்படிச் சொல்லச் சொல்லி கம்பெனி சொல்லுச்சா?"

"நான் சொல்றது கம்பெனிக்குத் தெரியாது. இன்னொண்ணு. நீ வண்டிக்குள்ள இருக்கணும்னு இல்ல. ரோட்டுல நடந்து போறப்ப அடிச்சாலும் வரும். இது உன் வண்டிக்கு இல்ல, உனக்கு."

பிறகு படிவத்தை எடுத்தாள். எங்கள் நியூ மெக்சிகோவில் இந்தக் காப்பீட்டை வாய்வார்த்தையால் மறுக்க முடியாது. எழுதிக் கையெழுத்திட்டு மறுக்க வேண்டும். அதற்கென்று ஒரு படிவம். ஒவ்வொரு தொகைக்கும் ஒரு வரி; ஒவ்வொரு வரிக்கும் எதிரே விலையை முகவர் எழுத வேண்டும். விலை தெரிந்து வேண்டாம் என்பவன்தான் வேண்டாம் என்றதாகக் கணக்கு. டெல்ஃபினா எல்லா வரிக்கும் விலை எழுதி, எல்லா வரியையும் ஸ்பானிஷில் ஒரு தடவை, ஆங்கிலத்தில் ஒரு தடவை வாசிப்பாள். இருபது நிமிடம் ஆகும். உபால்டோ பொறுமையாகக் கேட்டார். வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டார். கட்டாயக் காப்பீட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, போகும்போது ஒரு பை ஆப்பிள் வைத்துவிட்டுப் போனார். பிப்ரவரியில் அதையும் கட்டவில்லை. ஆப்பிளை அல்ல, காப்பீட்டை. மூன்று நினைவூட்டல் கடிதம் போட்ட பிறகு கம்பெனி அவரை நீக்கியது.

இவ்வளவு சொல்லியும் நான் முக்கியமானதைச் சொல்லவில்லை. ஊருக்கே மற்றவன் காப்பீட்டை விற்ற டெல்ஃபினாவின் வீட்டில் அது இல்லை.

அவள் கணவர் ஒனோஃப்ரே மாயெஸ்டாஸ் சொந்தமாக மண் தோண்டும் எந்திரம் வைத்திருக்கிறார். வாய்க்கால் தூர் வாருவது, கழிவுநீர்த் தொட்டிக்குக் குழி எடுப்பது. வீட்டில் மூன்று வண்டி: அவருடைய லாரி, டெல்ஃபினா ஓட்டும் சின்னக் கார், அப்புறம் அறுபத்து நாலாம் வருடத்து இம்பாலா. திராட்சை நிறம், அடியில் எண்ணெய் பம்ப். ஒரு பொத்தானை அழுத்தினால் தரையோடு படுக்கும், இன்னொன்றை அழுத்தினால் முன்காலைத் தூக்கும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, நடந்து போகிறவன் முந்துகிற வேகத்தில் அதில் ஊரை ஒரு சுற்று வருவார். வேகமாகப் போகத் தெரிந்த காரை மெதுவாக ஓட்டுவதற்காக ஒரு மனிதன் முப்பது வருடம் செலவழிப்பது எங்கள் ஊரில் கௌரவமான காரியம். டெல்ஃபினாவுக்கு மட்டும் அப்படித் தோன்றியதில்லை. "வீட்டுல ரெண்டு பொண்டாட்டி. ஒருத்திக்குத்தான் வருஷா வருஷம் பெயின்ட்" என்பாள்.

மூன்று வண்டிக்கும் ஒரே காப்பீடு, ஒனோஃப்ரேயின் பெயரில். ஏழு வருடம் முன்பு அதைப் புதுப்பிக்க அவர் எங்கள் அலுவலகத்துக்கு வந்திருந்தபோது நடந்த சண்டையை நான் செடிக்கு இந்தப் பக்கமிருந்து முழுமையாகப் பார்த்தேன்.

"அந்த மத்தவன் சமாச்சாரத்த எடுத்துரு. அந்தக் காசுக்கு இம்பாலாவுக்குப் புது பம்ப் போடலாம்."

"ஊருக்கெல்லாம் வித்துட்டு என் வீட்டுல எடுக்கச் சொல்றியா?"

"ஊருக்கு வித்தாச்சுல்ல. அப்ப ஊர்ல எல்லாருக்கும் இருக்கும். என்னை இடிக்கிறவனுக்கும் இருக்கும்."

"உனக்கு நான் என்ன விக்கிறேன்னாவது தெரியுமா? இது..."

"தெரியும், தெரியும். இருபது வருஷமா சாப்பாட்டோட சேத்து அதத்தான போடுற."

டெல்ஃபினா கட்டிலிருந்து ஒரு படிவத்தைக் கிழித்து அவர் முன்னால் தள்ளினாள். "போடு." அவர் போட்டார். அவள் வாங்கிக் கோப்பில் வைத்து, கோப்புகள் வைக்கும் இரும்புப் பேழையைச் சாத்தினாள். அந்தச் சத்தம் இன்னும் நினைவிருக்கிறது. அதற்கப்புறம் ஏழு வருடம் அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. அவரே வந்து கேட்கட்டும் என்று அவள் இருந்தாள். அவளே ஒரு தடவை சொல்லட்டும் என்று அவர் இருந்தார். இருவரும் நன்றாகவே ஒத்துப்போனார்கள்.

இந்த வருடம் பெரிய வெள்ளி வந்தது. அன்று எங்கள் பக்கத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் சாலையோரமாக சிமாயோ கோவிலுக்கு நடந்து போவார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு நேர்ச்சை: பிள்ளையின் குடி, தாயின் கண், வராத மாதவிலக்கு, வந்த கட்டி. ஒனோஃப்ரே இம்பாலாவின் கியர்பெட்டிக்காக நடக்கிறார். பதினோரு வருடம் முன்பு அது கடைசி முயற்சியில் ஓட ஆரம்பித்தபோது வாக்குக் கொடுத்துவிட்டாராம். சாமியாருக்கும் இது தெரியும். ஆட்சேபித்ததில்லை. அவரிடமும் பழைய கார் ஒன்று இருக்கிறது.

நடக்கிறவர்களுக்கு வழியில் தண்ணீரும் ஆரஞ்சும் கொடுப்பது புண்ணியம். காலை ஒன்பது மணிக்கு உபால்டோ தன் லாரி நிறைய ஆரஞ்சோடு வந்து, சாலையோரம் நிழல் பார்த்துப் பின்னோக்கி ஓட்டி நிறுத்தினார். பின்கதவு கீழே தொங்கிக்கொண்டிருந்தது. அது ஒனோஃப்ரேயின் வலது முழங்காலில் போய் இடித்தது. வேகம் ஒன்றுமில்லை, இம்பாலாவின் ஞாயிற்றுக்கிழமை வேகம்தான். ஆனால் முழங்காலுக்கும் பின்னால் இருந்த கம்பத்துக்கும் நடுவில் விட்டுக்கொடுக்க இடமில்லை. ஒனோஃப்ரே சாலையில் உட்கார்ந்தார். அவரைச் சுற்றி ஆரஞ்சுகள் உருண்டு வந்து நின்றன. உபால்டோ முதலில் செய்த காரியம், ஒன்றை உரித்து அவர் கையில் கொடுத்தது.

முழங்காலில் அன்றே ஒன்று, பிறகு ஒன்று என இரண்டு அறுவை சிகிச்சை. எந்திரத்தின் மிதிகளை ஆறு மாதத்துக்கு மிதிக்கக் கூடாது என்றார்கள். ஒனோஃப்ரேயின் மருத்துவக் காப்பீடு, சொந்தத் தொழில் செய்கிறவர்கள் வைத்திருக்கும் வகை. இருக்கிறது என்று சொல்லிக்கொள்ளலாம், அவ்வளவுதான். உபால்டோவிடமிருந்து ஒன்றும் வராது. அவரிடம் இருந்தது லாரி, ஆப்பிள் மரங்கள், குற்றவுணர்ச்சி. ஈஸ்டருக்கு மறுநாள் மனைவி செய்த பனோச்சா என்னும் முளைகட்டிய கோதுமைக் களிச் சட்டியோடு அவர்கள் வீட்டுக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன்.

"பிரிமோ, என்ன செய்யட்டும் சொல்லுங்க. எந்திரத்த நான் வந்து ஓட்டட்டுமா?"

"நீ பின்னால பாத்து ஓட்டுற வேலை எதுவும் எனக்குச் செய்ய வேணாம்" என்றார் ஒனோஃப்ரே. களியைச் சாப்பிட்டார். "உம் பொண்டாட்டி வெல்லம் கொஞ்சம் கூடப் போட்டிருக்கா."

"வருத்தத்துல போட்டது."

உபால்டோ போன பிறகு ஒனோஃப்ரே மனைவியைப் பார்க்காமல் சொன்னார்: "புவேப்லோ ஊர்லேருந்து ஒருத்தன் சனிக்கிழமை வர்றான். இம்பாலாவப் பாக்க."

டெல்ஃபினா சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். "பாக்கவா, வாங்கவா?"

"பாக்காம எவன் வாங்குவான்."

"அதுக்காகத்தான நடந்த?"

"நடந்தேன். வண்டில போயிருந்தா கூட இன்ஷூரன்ஸ்ல ஏதாவது வந்திருக்கும். நடந்து போனவனுக்கு கார் இன்ஷூரன்ஸ்ல என்ன வரும்?"

டெல்ஃபினா தண்ணீரை மூடினாள். நடந்து போனவனுக்கும் வரும் என்று முப்பது வருடமாக ஊருக்கெல்லாம் சொன்னவள் அவள். வீட்டிலும் எல்லாம் சொல்லியாகிவிட்டது என்று இருவருமே நினைத்திருந்தார்கள். சொல்லவே இல்லை என்பது அப்போதுதான் தெரியவந்தது. அதுவும் அவளுக்கு மட்டும். அவள் சட்டியைத் துடைத்துக் கவிழ்த்தாள்.

மறுநாள் காலை அவள் அலுவலகத்துக்கு வந்ததும் பேழையைத் திறந்து ஒனோஃப்ரேயின் கோப்பை எடுத்தாள். எதற்கு என்றேன்.

"அவன் கையெழுத்த அவனுக்குக் காட்ட. நடந்தாலும் வரும், நீதான்டா வேணாம்னன்னு காட்ட."

"முழங்கால் உடைஞ்சவன் கிட்டயா?"

"கண்ணு நல்லாத்தான இருக்கு."

படிவத்தைப் பிரித்தவள் உட்கார்ந்துவிட்டாள். அதைச் செடிக்கு மேலே நீட்டினாள். கீழே ஒனோஃப்ரேயின் கையெழுத்து, கோபத்தில் போட்டது, காகிதம் லேசாகக் கிழிந்திருந்தது. மேலே எல்லா வரிக்கும் எதிரே விலை எழுதும் கட்டம் வெள்ளையாக இருந்தது. ஒரு எண்கூட இல்லை. ஊரில் யார் வந்தாலும் இருபது நிமிடம் வாசித்தவள், கணவனுக்கு ஒரு வார்த்தையில் முடித்திருந்தாள்: போடு.

அவள் விளக்கங்களை வருடக்கணக்காகக் கேட்டு நானும் அரை வக்கீல் ஆகிவிட்டதால் அதன் அர்த்தம் எனக்கும் தெரிந்தது. விலை சொல்லாமல் வாங்கிய மறுப்பு எங்கள் மாநிலத்தில் செல்லாது. அந்தக் காப்பீடு எடுத்ததாகவே கொள்ள வேண்டும். தான் யாரையாவது இடித்தால் அவர்களுக்குக் கொடுக்கவென்று ஒனோஃப்ரே எவ்வளவு எடுத்திருந்தாரோ அதே அளவுக்கு. இம்பாலாவை விற்க வேண்டாம்.

ஆனால் அதற்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். டெல்ஃபினா குவின்டானா என்னும் முகவர் தவறு செய்தாள் என்று டெல்ஃபினா குவின்டானாவே எழுத வேண்டும். அவளுடைய சுவரில் பதினாறு மரப்பலகைகள் வரிசையாகத் தொங்கின. கோப்பில் ஒரு பிழையும் இல்லாத முகவருக்குக் கம்பெனி ஆண்டுதோறும் அனுப்புவது. ஊரில் பலர் அவளிடம் வந்தது விலைக்காக அல்ல, அந்தச் சுவருக்காக. அவள் அந்தச் சுவரைப் பார்த்தாள்.

"கொமாத்ரே, இதத் திரும்ப உள்ள வெச்சா யாருக்குத் தெரியும்?"

"எனக்கு."

"நீ சொல்லுவியா?"

"மாட்டேன்."

"அப்புறம் எதுக்கு இருக்க நீ" என்றாள். பிறகு, "அந்தக் கார் போகணும்னு முப்பது வருஷம் கேட்டேன். நடந்து போனவனுக்கு வராதுன்னே நெனச்சுட்டு அவன் வித்துருவான். என் மேல ஒரு தூசு விழாது."

"ஆமா."

"சனிக்கிழமைக்கு எத்தன நாள் இருக்கு?"

"நாலு."

இரண்டு நாள் அவள் அந்தக் கோப்பைப் பேழைக்குள் வைக்கவும் இல்லை, அதைப் பற்றிப் பேசவும் இல்லை. வருகிறவர்களுக்கு வழக்கத்தை விட மெதுவாக வாசித்தாள். ஒரு பெண்மணி அரைமணி நேரம் கேட்டுக் களைத்துப்போய், போதும் என்று சொல்வதற்குப் பதிலாக மிகப் பெரிய தொகைக்கு எடுத்துவிட்டார். இரண்டாம் நாள் மாலை டெல்ஃபினா வீட்டுக்குப் போனபோது, ஒனோஃப்ரே ஊன்றுகோலைச் சுவரில் சாத்திவிட்டு, ஒரு நாற்காலியில் உட்கார்ந்தபடியே இம்பாலாவின் கதவை மெழுகு போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தாராம். விற்கிற காரை எதற்குத் துடைக்கிறாய் என்று கேட்டிருக்கிறாள். "அழுக்கா அனுப்புனா என்னப் பத்தி என்ன நினைக்கிறது" என்றாராம். யார் நினைப்பது என்று அவள் கேட்கவில்லை. வாங்க வருகிறவனைச் சொல்லவில்லை, காரைச் சொல்கிறார் என்று அவளுக்குப் பட்டதாம்.

வெள்ளிக்கிழமை காலை கடிதம் எழுதினாள். என்னிடம் வாசித்துக் காட்டினாள். நான்கு வரி. சாக்குப்போக்கு இல்லை, 'கணவர்' என்ற சொல்லே இல்லை. 'வாடிக்கையாளருக்கு விலை தெரிவிக்கப்படவில்லை. பிழை என்னுடையது.'

"சண்டை போட்டதச் சேக்கலாமே" என்றேன்.

"சண்டைக்குக் கட்டம் இல்ல படிவத்துல."

கம்பெனியிலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் பேசினாள். டெல்ஃபினா ஒலிபெருக்கியில் போட்டாள். நடுவில் ஒரு செடிதான் இருக்கும்போது ரகசியம் எதற்கு.

"மேடம், இந்த வாடிக்கையாளர் உங்க வீட்டுக்காரர்னு பதிவுல இருக்கு. அவருக்கு விலை தெரிஞ்சிருக்காதா? நீங்க வீட்ல பேசிக்கமாட்டீங்களா?"

"உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சு."

"அப்ப எழுதிக்கோங்க. பேசல."

கம்பெனி ஆறு வாரம் பார்த்தது. பிறகு ஒப்புக்கொண்டது. ஒரே வீட்டில் மூன்று வண்டிக்குக் கட்டணம் கட்டியிருந்தால் மூன்றின் காப்பீட்டையும் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கலாம் என்பது எங்கள் ஊர்ச் சட்டம். வண்டிக்கு ஐம்பதாயிரம். லாரியும் சின்னக் காரும் சேர்ந்து மருத்துவமனையோடு நின்றுவிட்டன. ஆறு மாத வேலை இழப்பை ஈடுகட்டியது மூன்றாவது ஐம்பதாயிரம், அதாவது இம்பாலா. பொத்தானை அழுத்தினால் படுப்பதைத் தவிர வேறு உபயோகம் இல்லை என்று டெல்ஃபினா சொல்லிவந்த கார், தன்னைத்தானே விற்பனையிலிருந்து மீட்டுக்கொண்டது. கம்பெனிக்கு எழுதியிருக்கேன், பொறு என்று டெல்ஃபினா முதல்நாளே சொல்லியிருந்தாள். அந்தச் சனிக்கிழமை புவேப்லோக்காரர் வந்து பார்த்துவிட்டு, ஒனோஃப்ரேயோடு மூன்று மணி நேரம் பம்ப் பற்றிப் பேசிவிட்டு, சந்தோஷமாக வெறுங்கையோடு போனார்.

இந்த வருடப் பலகை வரவில்லை. முகவர்கள் செய்யும் தவறுக்கென்று ஒரு காப்பீடு உண்டு. முப்பது வருடம் கட்டி ஒரு நாளும் தொடாத அதை டெல்ஃபினா முதல்முறையாகத் தொட்டாள். கம்பெனி தன் பங்கை அதில் கேட்டது, கிடைத்தது. "எல்லாருக்கும் நான் சொல்றது உண்மைதான் போல" என்றாள் கொஞ்சம் ஆச்சரியத்தோடு. தான் விற்கும் பொருள் வேலை செய்வதை முதல்முறை பார்த்த வியாபாரியின் குரல் அது. வரிசையின் கடைசியில் காலி இடம் தெரியாதபடி பலகைகளை நகர்த்தி மாட்டலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். ஊரில் அதனால் யாரும் அவளை விட்டுப் போகவில்லை. பிழை செய்யத் தெரிந்தவளிடம் பேசுவது சுலபம் என்று இரண்டு பேர் புதிதாக வந்தார்கள்.

ஜூனில் புதுப்பிக்கும் நாள். ஒனோஃப்ரே ஊன்றுகோலோடு வந்து வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்தார். பின்னாலிருந்த பெஞ்சில் உபால்டோ, தொப்பி மடியில். தன் காப்பீட்டை மறுபடி ஆரம்பிக்க வந்திருந்தார்.

"மத்தவன் இன்ஷூரன்ஸ் போட்டுரு" என்றார் ஒனோஃப்ரே. "கையெழுத்து எங்க?"

"இரு." டெல்ஃபினா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முதல் வரியில் விலையை எழுதினாள். "இது இருபத்தஞ்சாயிரத்துக்கு."

"தெரியும்."

"தெரியும்கிறதுக்குக் கட்டம் இல்ல. கேளு."

ஸ்பானிஷில் வாசித்தாள். ஆங்கிலத்தில் வாசித்தாள். நாலாவது வரியில் ஒனோஃப்ரே முன்னால் குனிந்தார். "அப்ப நடந்து போறப்ப அடிச்சாலும் வரும்னு இதுல எங்க போட்டிருக்கு?"

"இங்க."

"இத நீ எனக்குச் சொன்னதே இல்லையே."

"இல்ல" என்றாள் டெல்ஃபினா. "சொல்லல."

அவர் மிகப் பெரிய தொகையின் வரியில் விரலை வைத்தார். "மூணு வண்டிக்குமா?"

"இம்பாலாவுக்கு முதல்ல எழுதிட்டேன்."

அவர் எழுந்து வழிவிட்டதும் உபால்டோ வந்து உட்கார்ந்தார். "பிரிமா, எனக்கும் முழுசா வாசிக்கணுமா? போன தடவையே எல்லாம் கேட்டேனே."

"என்ன ஞாபகம் இருக்கு?"

உபால்டோ ஜன்னலைப் பார்த்து யோசித்தார். "அஞ்சாவது என் மச்சான் வண்டி."

டெல்ஃபினா புதுப் படிவம் ஒன்றைக் கிழித்தாள். ஒனோஃப்ரே பெஞ்சில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார். அவருக்கு அவசரம் இல்லை. இன்னொரு தடவை கேட்கலாம்.